எதிர்க்கதவுக்காரரின் பூப்பின்னல்

முதலில் நான் கவனித்தது அந்தப் பெட்டியைத்தான். கடைகளில் கழுவிய கீரையை அடைத்து விற்பார்களே, மூடியோடு சேர்ந்த தெளிந்த பிளாஸ்டிக் பெட்டி, அப்படி ஒன்று. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆறாம் மாடி லிஃப்றுக்குள் எதிர்க்கதவுக்காரர் அதை இரண்டு கைகளாலும் ஏந்தியபடி நிற்பார். பெட்டியின் உட்புறம் ஈரம் படிந்து மங்கலாக இருக்கும். மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகிறார் என்று பல மாதங்களாக நினைத்திருந்தேன். ஒரு நாள் லிஃப்ற் குலுங்கி நின்றபோது பெட்டி என் பக்கம் சரிந்தது. மூடியின் இடுக்கால் கறி வாசம் வரவில்லை, பூக்கடைக்குள் காலெடுத்து வைக்கும்போது முகத்தில் படும் அந்தக் குளிர்ந்த பச்சை மணம் வந்தது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. "இன்றைக்குக் குளிர் கூட" என்றார். "ஓம், காற்றும் இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கீழே இறங்கி, கடிதப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, திரும்பவும் மேலே வந்தேன். சனிக்கிழமைகளில் கடிதம் வருவதில்லை. அந்த ஒரு வசனத்தை யாரோடாவது பேசவேண்டும் என்பதற்காகவே நான் பத்து மணிக்கு லிஃப்றுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

எதிர்க்கதவுக்காரர் என்று அவரைச் சொல்வது மரியாதைக் குறைவால் அல்ல. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் அந்தக் கட்டடத்தில் எங்கள் இரண்டு வீட்டுக் கதவுகளும் நேருக்கு நேர் பார்த்தபடி இருந்தன. ஏறத்தாழ நான்கு வருடம் அப்படி வாழ்ந்தும் எங்கள் பேச்சு காலநிலையைத் தாண்டவில்லை. ஆறடிக்கு மேல் உயரம், வெயிலோ குளிரோ எப்போதும் சிவந்திருக்கும் கழுத்து, கயிறு இழுத்துத் தடித்த விரல்கள். இந்த நாட்டின் கிழக்குக் கரையில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர், இளமையில் சரக்குக் கப்பல்களில் இயந்திரம் பார்த்தவர் என்பதெல்லாம் பின்னால்தான் தெரியவந்தது. அவருடைய மனைவியை நான் கண்டதில்லை. என் மனைவியை அவரும் கண்டதில்லை.

என் மனைவி அப்போது நகரத்தின் மறு கோடிக்கு அப்பால், பிறம்ரனில் மகளோடு இருந்தாள். மகளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபோது, மூன்று மாதம் நின்று உதவி செய்துவிட்டு வருவதாகச் சொல்லி ஒரு சூட்கேசோடு போனவள். மூன்று மாதம் ஐந்தானது. ஒரு நாள் தொலைபேசியில், "நீங்களும் இஞ்சை வந்திருங்கோவன். தனிய அங்கை என்ன செய்யிறியள்?" என்று கேட்டாள். எனக்கு ஏனோ சுருக்கென்று ஏறிவிட்டது. "மருமகன்ரை வீட்டிலை போய்க் கிடக்கவோ இருபத்தாறு வருசம் மிசினோடை மாரடிச்சனான்? உமக்கு அங்கை இருக்க விருப்பமெண்டால் அங்கையே இரும்" என்றேன். மறுமுனையில் குழந்தையொன்று சிணுங்கியது கேட்டது. பிறகு, "சரி" என்றாள். அவ்வளவுதான். சண்டை என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த வசனத்தை நான் திருப்பி எடுக்கவில்லை. அவளும் திரும்பி வரவில்லை. கோயிலிலோ யாருடையதாவது கல்யாணத்திலோ சந்தித்தால், "மருந்து குடிக்கிறியளோ?" என்று கேட்பாள். "ஓம்" என்பேன். சனம் கேட்டால், "மகளோடை நிக்கிறா, பேரப்பிள்ளையளைப் பாக்க" என்பேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். பிரிந்திருக்கிறோம் என்று யாரும் நினைக்கவில்லை. எங்கள் சனத்தில் அப்படி இருப்பதற்கு ஒரு பெயர் இல்லாதது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி இருக்கும், கதவில் யாரோ காலால் மெல்லத் தட்டினார்கள். திறந்தால் எதிர்க்கதவுக்காரர். வலது கையில் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை வெள்ளைக் கட்டு. முதல்நாள் கார் நிறுத்துமிடத்தில் பனிக்கட்டியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டதாம். நான் உள்ளே வரச்சொன்னேன். அவர் வரவில்லை. வாசலில் நின்றபடியே இடது கையின் மூன்று விரல்களை நீட்டி, ஒன்றன்மேல் ஒன்றைப் போடுவதுபோல் அசைத்துக் காட்டி, "உங்களுக்குப் பின்னத் தெரியுமா?" என்று கேட்டார். ஒரு வளர்ந்த மனிதன் இன்னொரு வளர்ந்த மனிதனிடம் கேட்கும் கேள்வியாக அது எனக்குப் படவில்லை. ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

எனக்குப் பின்னத் தெரியும். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் என் மனைவி விடிய ஐந்தரைக்கு ஒரு பேக்கரித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவாள். எனக்குப் பின்னேர ஷிஃப்ற். ஆகவே மகளை எழுப்பி, பால் கொடுத்து, தலை இழுத்து, இரட்டைச் சடை பின்னி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது என் வேலை. முதல் ஒரு மாதம் பிள்ளை அழுதுகொண்டே போனாள். பிறகு என் கை பழகிவிட்டது. ஆறாம் வகுப்பு வந்ததும் ஒரு காலை சீப்பை என் கையிலிருந்து வாங்கி, "இட்ஸ் ஓகே அப்பா, ஐ கான் டூ இட்" என்றாள். அதற்குப் பிறகு என் விரல்கள் அந்த வேலையைச் செய்ததில்லை. "தெரியும்" என்று எதிர்க்கதவுக்காரரிடம் சொன்னேன். அவர் நிம்மதியாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அவருடைய சமையலறை மேசையில் எல்லாம் ஆயத்தமாக இருந்தது. ஈரத் துவாய் ஒன்றின்மேல் பூக்கள் வரிசையாகக் கிடந்தன. சிவப்புக் கார்னேஷன்களும் மஞ்சள் செவ்வந்திகளும், பூச்செண்டுகளுக்கு நடுவே செருகுவார்களே அந்தப் பொடி வெள்ளைப் பூவும், சீப்புப்போல் விரிந்த பன்ன இலையும். எல்லாம் பக்கத்துச் சூப்பர் மார்க்கெற்றில் வாங்கியவை. ஒவ்வொன்றின் காம்பையும் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டியிருந்தார். இடது கையால் வெட்டியதில் பல காம்புகள் நசுங்கிப்போயிருந்தன. கைவேலைக் கடைகளில் விற்கும் காய்ந்த நார் மூன்றைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு முனையில் முடிந்து, அந்த முடிச்சைக் கதிரையின் முதுகில் கட்டியிருந்தார். "ஹவாயில் இதற்கு லேய் என்று பெயர்" என்றார். "கழுத்தில் போடுவது. கோர்த்துச் செய்வதும் உண்டு. என் மனைவி பின்னித்தான் செய்வாள்."

அப்போதுதான் மனைவியைப் பற்றிச் சொன்னார். அவள் ஹவாயில் பிறந்தவள். கப்பல் ஒன்று பழுதாகி மூன்று வாரம் அங்கே துறைமுகத்தில் நின்றதாம். மூன்றாம் வாரம் முடிவதற்குள் தான் கல்யாணத்துக்குக் கேட்டுவிட்டதாகவும், அவள் ஒரு வருடம் கழித்துத்தான் பதில் எழுதியதாகவும் சொன்னார். அதற்குப் பிறகு நாற்பது வருடம் ரொறன்ரோவில். நினைவு தடுமாறத் தொடங்கியதை மற்ற எல்லோருக்கும் முன்னால் அவளே கண்டுபிடித்தாளாம். ஒரு நாள் பின்னிக்கொண்டிருந்தவள் நடுவில் நின்று, அடுத்தது எந்த நார் என்று தெரியாமல் கையைப் பார்த்தபடி இருந்திருக்கிறாள். அன்றைக்கே அவரைக் கூப்பிட்டு இருத்தி, "நீ பழகு. எனக்குப் போட ஒருவரும் இல்லாமல் போய்விடும்" என்று சொல்லியிருக்கிறாள். இப்போது அவள் இருப்பது லோரன்ஸ் வீதியில் கொஞ்சத் தூரம் போனால் வரும் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில். அவரை அவளுக்கு அடையாளம் தெரிவதில்லை. "ஆனால் மாலையைக் கண்டால் தலையைக் குனிவாள்" என்றார்.

நான் கதிரைக்கு முன்னால் இருந்து நார்களைக் கையில் எடுத்தேன். முதலில் பன்ன இலையில் ஒரு சிறு கொத்து. அதை நடு நாரோடு சேர்த்துப் பிடித்து வலது நாரை மேலால் போடவேண்டும். பிறகு ஒரு பூ. அதன் காம்பையும் நடுவில் சேர்த்து இடது நாரை மேலால் போடவேண்டும். அடுத்த பூவின் தலை முந்தின பூவின் காம்பை மறைக்கவேண்டும். காம்பெல்லாம் பின்னலுக்குள் போய்விட வேண்டும், பின்புறத்தைத் தடவினால் ஒரு நுனியும் குத்தக்கூடாது. "பின்பக்கம்தான் முக்கியம்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். "அவளுடைய தோல் இப்போது கடதாசி மாதிரி." நான் இறுக்கி இழுத்ததில் முதல் செவ்வந்தியின் கழுத்தே கழன்று மேசையில் உருண்டது. இரண்டாவது தடவை இழுப்பை விட்டேன், பூக்கள் தொளதொளவென்று தலையைத் தொங்கப்போட்டன. மூன்றாவது தடவை என் விரல்களுக்குத் தானாகவே ஒரு கணக்கு வந்தது. தலைமுடி வழுக்கும், நார் வழுக்காது. ஆனால் மூன்றில் ஒன்று எப்போதும் விரலிடுக்கில் காத்திருப்பது மட்டும் இரண்டுக்கும் பொது. நான் குனிந்து பின்னினேன். அவர் இடது கையால் பூவைப் பொறுக்கி நீட்டினார். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, இலை. யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பின்னி முடிக்க இரண்டு மணித்தியாலம் எடுத்தது. மனைவி போனபின் வந்த ஆறு வருடத்தில் என் கைக்கு எட்டும் தூரத்தில் இன்னொரு மனிதர் அவ்வளவு நேரம் இருந்தது அதுதான் முதல்தடவை என்று வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டும்போது நினைத்தேன்.

அடுத்த நாள் பெட்டியைத் தூக்கிப்போகவும் நான் வேண்டியிருந்தது. பஸ்ஸில் என் மடியில் வைத்துக்கொண்டேன். பராமரிப்பு இல்லத்தின் இரண்டாம் மாடியில், யன்னலோரச் சக்கர நாற்காலியில், நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண் இருந்தாள். அகன்ற முகம். மடியில் ஒரு துவாயை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள். எதிர்க்கதவுக்காரர் குனிந்து வணக்கம் சொன்னார். அவள் அவரைத் தாண்டி யன்னலைப் பார்த்தாள். நான் பெட்டியைத் திறந்து மாலையை அவரிடம் நீட்டினேன். அவர் தன் கட்டுப்போட்ட கையைக் காட்டினார். ஒற்றைக் கையால் அதைப் போட முடியாது. "நீங்களே போடுங்கள்" என்றார்.

நான் திகைத்துப்போய் நின்றேன். எங்களில் ஆண் ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்தில் மாலை போடுவது வாழ்க்கையில் ஒரு தடவை. கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜின் மேல்மாடியில், ஊரைவிட்டு வெளிக்கிடுவதற்கு ஒரு கிழமைக்கு முன்னால், நான் அதைச் செய்திருந்தேன். இங்கே இன்னொருவருடைய மனைவி. அவர் பக்கத்திலேயே நிற்கிறார். இதை ஆங்கிலத்தில் விளக்க என்னால் முடியவில்லை. "எனக்கு வழக்கமில்லை" என்று மட்டும் சொன்னேன். "பரவாயில்லை" என்றார் அவர். அந்தப் பெண்ணோ மாலையைக் கண்டுவிட்டாள். துவாயை விட்டுவிட்டுத் தலையைக் குனிந்து காத்திருந்தாள். காத்திருக்கும் ஒரு கழுத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நிற்பது. போட்டேன். தோளில் நேராக இருக்கும்படி சரிசெய்தேன். அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, என் கையைப் பிடித்து, தெளிவான ஆங்கிலத்தில், "ஏன் இவ்வளவு பிந்தினாய்?" என்றாள். பிறகு, "கை குளிர்ந்துபோயிருக்கிறது" என்று சொல்லி என் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள்.

நான் எதிர்க்கதவுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சிவந்த கழுத்து இன்னும் சிவந்திருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான்தான் பேச்சை எடுத்தேன். இனிமேல் பின்னித் தருகிறேன், ஆனால் உள்ளே வரவில்லை, அங்கே வேலை செய்கிற யாரையாவது கேட்டு உங்கள் கையாலேயே போடுங்கள் என்றேன். இறங்குவதற்கு முந்தின தரிப்பில், "இரண்டு வருடமாக அவள் என்னிடம் ஒரு முழு வசனம் பேசவில்லை" என்றார். "இன்றைக்கு அவளுடைய குரலைக் கேட்டேன். நீங்கள் வாருங்கள்."

அப்படி எட்டுச் சனிக்கிழமை போனேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் எழுதாவிட்டால் இந்தக் கதையில் உண்மை இருக்காது. வெள்ளிக்கிழமை பின்னியது அவருக்கு உதவியாகத்தான் தொடங்கியது. இரண்டு கிழமைக்குள் நான் வியாழக்கிழமையே சூப்பர் மார்க்கெற்றுக்குப் போய்ப் பூ பார்க்கத் தொடங்கினேன். முகம் மழித்தேன். அலமாரிக்குள் கிடந்த நல்ல சேர்ட்டை எடுத்துப் போட்டேன். ஒரு சனிக்கிழமை அவள் "பிந்திவிட்டாய்" என்றாள். இன்னொன்றில் "சாப்பிட்டாயா?" என்று கேட்டாள். வேறொன்றில் ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் யாரையோ நினைத்துப் பேசுகிறாள், அந்த யாரோ எனக்குப் பின்னால் கதிரையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், பஸ் கொஞ்சம் சுணங்கினால் மனம் பதறியது. உலகத்தில் ஒருவர், பெயரும் முகமும் மாறித்தான் என்றாலும், நான் வரும் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பங்குனிக் கடைசியில் அவருடைய கைக்கட்டை வெட்டி எடுத்தார்கள். கை மெலிந்து வெளிறிப்போயிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை நான் கதவைத் தட்டியபோது அவர் ஏற்கனவே கதிரைக்கு முன்னால் இருந்து பின்னிக்கொண்டிருந்தார். என் பின்னலைவிட அது எவ்வளவோ அழகு. பூக்கள் மீன் செதில் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தன. "இனி உங்களுக்குக் கரைச்சல் தரமாட்டேன்" என்றார். "கரைச்சல் இல்லை" என்றேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் லிஃப்றடிக்குப் போகவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று அவருடைய காலடி போவதைக் கேட்டேன். அன்று மத்தியானம் சோறு ஆக்கவில்லை. பின்னேரம் அவர் வந்து சொன்னார். அவள் வழக்கம்போலக் குனிந்தாளாம். போட்டு முடித்ததும், "தாங்க் யூ, சேர்" என்றாளாம். யாரோ தெரியாதவருக்குச் சொல்வதுபோல. அவர் சிரிக்க முயன்றார். நான் அவரை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

வைகாசியில் அவள் இறந்துபோனாள். நெஞ்சில் சளி கட்டி நான்கே நாளில் முடிந்தது. கடைசி மாலையை இருவருமாகப் பின்னினோம். ஒரு முனையை அவரும் மறு முனையை நானும் தொடங்கி, நடுவில் சேர்த்துக் கட்டினோம். அவர் பாதி ஒரு மாதிரி, என் பாதி ஒரு மாதிரி. சேர்ந்த இடத்தில் ஒரு பெரிய வெள்ளைப் பூவை வைத்து மறைத்தார். இறுதிச் சடங்கு மண்டபத்தில் எங்களோடு பதினைந்து பேர் வரை இருந்திருப்பார்கள். சவப்பெட்டிக்குள் கிடந்தவளின் கழுத்தைத் தூக்கித்தான் மாலையைப் போடவேண்டியிருந்தது. அதை அவரே செய்தார். நான் பின்வரிசையில் இருந்தேன். அழுவதற்கு எனக்கு அங்கே உரிமை இல்லை என்று நினைத்து, வெளியே போய்க் கார் நிறுத்துமிடத்தில் நின்றேன்.

அவளுடைய சாம்பலை ஹவாய்க்குக் கொண்டுபோய் அங்கே அவளுடைய தங்கை வீட்டில் இருக்கப்போவதாக அவர் முடிவெடுத்தார். ஆனி மாதம் வீட்டைக் காலிசெய்தார். கடைசி நாள் இரண்டு சூட்கேசுகளோடு லிஃப்றுக்கு முன்னால் நின்றோம். அவர் என் தோளில் அந்தப் பெரிய கையை வைத்து, "நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? உங்கள் மனைவி போன பிறகு, முதல் வருடம்?" என்று கேட்டார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நான்கு வருடமாக அவர் என்னை மனைவியை இழந்தவன் என்று நினைத்திருக்கிறார். அப்படி நினைக்க நான் விட்டிருக்கிறேன்.

"என் மனைவி இறக்கவில்லை" என்றேன். "பிறம்ரனில் இருக்கிறாள்."

அவர் கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "பிறம்ரனா?" என்றார். "பஸ்ஸில் போகக்கூடிய தூரம்தானே?" அதில் கோபம் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. உண்மையாகவே ஏதோ கணக்குப் பிழைத்ததுபோல, வழி தெரியாதவர் கேட்பதுபோலக் கேட்டார். லிஃப்ற் வந்தது. சூட்கேசுகளை உள்ளே தள்ள உதவினேன். கதவு மூடும்வரை அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவரைக் காணவில்லை. ஒரு கிழமையில் எதிர்க்கதவுக்கு ஒரு இளம் தம்பதி குடிவந்தார்கள். காதில் எதையோ செருகியபடியே போய்வருவார்கள். வணக்கம் சொன்னாலும் கேட்காது.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை என் சொந்தச் சமையலறையில், என் சொந்தக் கதிரையின் முதுகில் நாரைக் கட்டினேன். பூ நீட்ட ஆள் இல்லாததால் ஒவ்வொரு தடவையும் பின்னலை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடி மறு கையால் துழாவவேண்டியிருந்தது. மூன்று மணித்தியாலம் எடுத்தது. சனிக்கிழமை காலை அதைப் பெட்டியில் வைத்து, ஈரக் கடதாசியால் மூடி, இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் பிறகு இன்னொரு பஸ்ஸும் மாறிப் பிறம்ரனுக்குப் போனேன். மகள் கதவைத் திறந்து, என்னைக் கண்டதும் முகம் வெளிறி, "அப்பா! வட் ஹாப்பிண்ட்? ஆருக்கும் ஏதுமோ?" என்றாள். தகப்பன் ஒருவன் சும்மா வந்து நிற்பது அந்த வீட்டில் அவ்வளவு பயப்படவேண்டிய விஷயமாக இருந்தது. "ஒண்டுமில்லை. அம்மா எங்கை?" என்றேன். பிள்ளைகள் இருவரையும் நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போக வெளிக்கிட்டு நின்றவள், என்னையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, குசினியைக் காட்டிவிட்டுப் போனாள்.

என் மனைவி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடி மாற்றியிருந்தாள், எனக்குத் தெரியாது. பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தேன். எட்டிப் பார்த்தாள்.

"சாமிக்கோ? நல்லதாக் கிடக்குது" என்று கையைத் துடைத்துக்கொண்டு மாலையைத் தூக்கி, சாமிப்பட அலமாரிப் பக்கம் நடந்தாள்.

"சாமிக்கில்லை" என்றேன். "உமக்கு."

நின்றாள். மாலையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். விரலால் தடவினாள். "நீங்களோ பின்னினது?"

"ஓம்."

"அதுதானே பாத்தன். பிள்ளைக்கும் இப்பிடித்தான் இறுக்கி விடுவியள். கண் ரெண்டும் மேலை இழுபட்டுப்போய், சீனப்பிள்ளை மாதிரி ஸ்கூலுக்குப் போவாள்." சிரித்தாள். பிறகு, நான் கேட்காமலே, தானாகவே அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். மைக்ரோவேவ் கதவின் கறுப்புக் கண்ணாடியில் ஒரு கணம் பார்த்தாள். உடனேயே கழற்றினாள். "சமைக்க வேணும், பழுதாப்போயிடும்" என்று கவனமாகப் பெட்டியில் வைத்து மூடினாள். தந்தவர் நிற்கும்போது கழற்றுவது மரியாதையில்லை என்று எதிர்க்கதவுக்காரர் சொல்லியிருக்கிறார். அவளுக்கு அது எப்படித் தெரியும்.

நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை அப்போது சொன்னேன். "அண்டைக்கு நான் அப்பிடிச் சொன்னது பிழை. வீட்டை வாரும்."

அவள் திரும்பவும் கத்தியை எடுத்தாள். வெட்டவில்லை. "ஆறு வருசமாக் கேக்காததை இண்டைக்கு வந்து கேக்கிறியள்" என்றாள். "ஒரு கிழமை தாங்கோ. யோசிச்சுச் சொல்லுறன்."

அந்தக் கிழமை நான் வீட்டைக் கூட்டினேன். குளிர்சாதனப்பெட்டியைக் கழுவினேன். கட்டிலில் அவளுடைய பக்கத்தில் குவிந்து கிடந்த பழைய பத்திரிகைகளையெல்லாம் அள்ளிக்கொண்டுபோய்க் கீழே போட்டேன். வெள்ளிக்கிழமை காலை தொலைபேசி எடுத்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"நான் வரேல்லை. கோவத்திலை சொல்லுறனெண்டு நினையாதேங்கோ. கோவம் எப்பவோ போட்டுது. எனக்கு இஞ்சை நல்லா நித்திரை வருது. அங்கை முப்பது வருசமா விடிய எழும்பி ஓடினதும், நீங்கள் எந்த நேரம் என்ன சொல்லுவியளெண்டு உங்கடை முகத்தைப் பாத்து நடந்ததும்... அதைத் திருப்பிச் செய்ய என்னாலை ஏலாது."

"அப்ப நான் அங்கை வரட்டோ?" என்று கேட்டேன். மருமகன் வீட்டில் போய்க் கிடக்கமாட்டேன் என்றவன்தான் கேட்டேன்.

"இஞ்சை எனக்கெண்டு ஒரு அறை இருக்குது. சின்ன அறைதான். கதவைச் சாத்தினால் நான் மட்டும்தான். அது எனக்கு வேணும்." அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. "சனிக்கிழமையளிலை வாங்கோ. மத்தியானம் சாப்பிட்டிட்டுப் போகலாம்."

இப்போது இரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் பிறம்ரனுக்குப் போய்வருகிறேன். மூன்று பஸ், ஒரு ரயில். பனிக்காலத்தில் மூன்று மணித்தியாலமும் எடுக்கும். எதிர்க்கதவுக்காரரை அந்தப் பயணங்களில் நினைப்பேன். அவர் போய்ப் பார்த்தது தன்னை மறந்துவிட்ட ஒரு மனைவியை. நான் போய்ப் பார்ப்பது என்னைப் பற்றி ஒன்றையும் மறக்காத ஒருத்தியை. எதற்குக் கூடுதல் துணிவு வேண்டும் என்று சில நாட்களில் யோசிப்பதுண்டு. சில நாட்களில் யன்னலில் தலையைச் சாய்த்து நித்திரையாகிவிடுவேன்.

மகள் வீட்டு மணியை அடித்துவிட்டு வாசலில் நிற்பேன். உள்ளே செருப்புச் சத்தம் வரும். என் மனைவி கதவைத் திறந்து, ஒரு பக்கமாக ஒதுங்கி வழிவிட்டு, "வாங்கோ" என்பாள். ஒரே கூரையின்கீழ் இருந்த அத்தனை வருடத்தில் ஒரு நாளும் அவள் என்னை வாசலில் நின்று வாங்கோ என்று வரவேற்றதில்லை. வீட்டுக்காரனை யார் வரவேற்பார்கள்? சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, எங்கே இருக்கச் சொல்வாளோ என்று பார்த்தபடி உள்ளே போவேன்.